விபூதி போட்டுத் தேய்த்த ஆறு ரூபாயும், தேய்க்காத ஒன்றும்: பழைய நாணயங்களின் தரம், ஃபினிஷ், விலை

போன போகிக்கு வீட்டை ஒழித்தபோது பரணில் கிடைத்தது என்று, எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் ஒரு சுருக்குப்பையோடு வந்தார். உள்ளே ஏழு வெள்ளி ரூபாய். எல்லாம் ஐந்தாம் ஜார்ஜ் காலத்துக் காசு, எல்லாவற்றிலும் 1918 என்று ஆண்டு. "கறுத்துப்போய்க் கிடந்துச்சு தம்பி. அப்படியே கொண்டுவந்து காட்டினா நல்லாருக்காதேன்னு விபூதி போட்டு நல்லாத் தேய்ச்சு எடுத்துட்டு வந்தேன்" என்றார். ஆறு காசுகள் வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறித்தன. ஏழாவது காசு பையின் அடியில் ஒரு துணி முடிச்சுக்குள் இருந்திருக்கிறது. அவர் அதைப் பிரித்தே பார்க்கவில்லை. ஓரமெல்லாம் நீலமும் செம்பழுப்பும் படர்ந்து, நடுவில் சாம்பல் நிறமாக இருந்தது. "இது ஒண்ணு விட்டுப்போச்சு. இதையும் தேய்ச்சுக் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

அந்த ஏழில் நாணயம் சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்கக்கூடியது அந்த ஏழாவது ஒன்றுதான். மற்ற ஆறும் அன்றைய வெள்ளி விலைக்கு, எடைக்குப் போகும் காசுகள் ஆகிவிட்டன. ஒரே ஆண்டு, ஒரே உலோகம், ஒரே எடை. வித்தியாசம் முழுக்க மேல்தோலில்தான் இருக்கிறது.

பழைய காசைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தரம் என்பது, நாணயசாலையில் அச்சடித்தபோது காசுக்குக் கிடைத்த மேல்தோல் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற கணக்கு. ஃபினிஷ் என்பது, அந்தத் தோலை நாணயசாலை எப்படிச் செய்து கொடுத்தது என்பது. இந்த இரண்டும் பிடிபட்டுவிட்டால் விலையைப் புரிந்துகொள்வது பாதி முடிந்த மாதிரி.

ஒளி ஓடுகிறதா என்று பாருங்கள்

நாணயம் வார்ப்பதில்லை, அடிப்பது. வட்டமாக வெட்டிய உலோக வில்லையை மேலும் கீழுமாக இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்து இயந்திரம் ஒரே அடி அடிக்கும். அந்த அழுத்தத்தில் உலோகம் கொஞ்சம் இளகினாற்போல நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடி, அச்சில் குழிந்திருக்கும் இடங்களை நிரப்புகிறது. அப்படி ஓடிய தடம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகளாகக் காசின் மேல் பதிந்துவிடும். அச்சு பழசாக ஆக, அதன் முகத்திலும் இந்தக் கோடுகள் ஏறி, அடுத்தடுத்த காசுகளில் இன்னும் அழுத்தமாக விழும்.

புதுக்காசின் பளபளப்பு இந்தக் கோடுகளிலிருந்துதான் வருகிறது. நாணயக்காரர்கள் இதை லஸ்டர் என்பார்கள். சோதிப்பது எளிது. அறையில் ஒரே ஒரு பல்பை மட்டும் எரியவிட்டு, காசின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். தேயாத காசில் ஒரு ஒளிப்பட்டை நடுவிலிருந்து விளிம்புவரை நின்று, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் சுழல்வது போல வட்டமாக ஓடும். அக்கா தேய்த்த காசில் ஒளி ஓடவில்லை. எப்படித் திருப்பினாலும் எவர்சில்வர் தட்டு மாதிரி மொத்தமாக மின்னியது. லூப் என்ற சின்ன உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் ஒரே திசையில் போகும் ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்கள். விபூதி நம் விரலுக்கு மாவு போல இருந்தாலும், வெள்ளிக்கு அது உப்புத்தாள்.

அந்தக் கறுப்பு என்ன என்று கேட்டால், அது அழுக்கு இல்லை. காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் வெள்ளி சல்ஃபைடு. மெல்லிய படலமாக இருக்கும்போது பொன்னிறமாக, பிறகு செம்பழுப்பாக, நீலமாக, கடைசியில் கறுப்பாகத் தெரியும். இதற்கு டோனிங் என்று பெயர். காசின் மேல்பரப்பில் இருந்த வெள்ளியே அந்தப் படலமாக மாறியிருக்கிறது. ஆகவே கறுப்பைத் தேய்த்து எடுத்தால் அந்த நுண்கோடுகளும் கூடவே போய்விடும். புளி, எலுமிச்சை, பல்பொடி, சலவை சோடா, கடையில் விற்கும் வெள்ளி பாலிஷ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். குத்துவிளக்குக்குப் புளி போடலாம், பழைய காசுக்கு வேண்டாம். போன லஸ்டரைத் திரும்பக் கொண்டுவர உலகத்தில் எந்த வழியும் கிடையாது.

1 முதல் 70 வரை

பழைய கடைக்காரர்கள் தரத்தைச் சொல்லாலேயே சொன்னார்கள். குட், ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரா ஃபைன், அன்சர்குலேட்டட் என்று. ஒருவருக்கு வெரி ஃபைன் என்பது இன்னொருவருக்கு ஃபைன். விற்கிறவருக்கு ஒரு கண், வாங்குகிறவருக்கு வேறு கண். இதற்கு எண்ணைக் கொண்டுவந்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர். 1949-ல், அமெரிக்காவின் பழைய பெரிய செம்புச் சென்ட் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் போட்டார். அடையாளம் மட்டும் தெரிகிற அளவுக்குத் தேய்ந்த காசு 1; அப்பழுக்கில்லாதது 70.

70 என்ற விநோதமான எண் எப்படி வந்தது என்றால், அது விலைக்கணக்கு. மிக மோசமான காசு 1 டாலர் என்றால் மிக நல்லது 70 டாலர் பெறும் என்று அன்றைய சந்தையைப் பார்த்து அவர் கணித்தார். அந்த விலை விகிதம் சீக்கிரமே பொய்த்துப்போனது. ஆனால் எண்கள் மட்டும் நின்றுவிட்டன. இன்று உலகம் முழுக்கப் பல நாட்டுக் காசுக்கும் அதே 70தான்.

அந்த அளவுகோலை மேலோட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 60-க்குக் கீழே இருப்பவை புழங்கிய காசுகள். 4, 6 என்றால் உருவத்தின் வெளிக்கோடு மட்டும் மிச்சம். 12, 15 ஃபைன். பெரிய விவரங்கள் தெரியும், நுணுக்கமானவை போயிருக்கும். 20-லிருந்து 35 வரை வெரி ஃபைன். 40, 45 எக்ஸ்ட்ரா ஃபைன், சுருக்கமாக எக்ஸ்எஃப். 50-லிருந்து 58 வரை ஏயூ, அதாவது கொஞ்சமே கொஞ்சம் கைபட்டது. 60-லிருந்து 70 வரை புழக்கத்துக்கே போகாத காசுகள். அந்த எண்ணுக்கு முன்னால் எம்எஸ் என்று போடுவார்கள், மின்ட் ஸ்டேட் என்பதன் சுருக்கம்.

புதிதாக வருபவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. புழங்காத காசு என்றால் எல்லாம் ஒரே தரம்தானே, அதற்குள் எதற்குப் பதினோரு படி? காரணம், நாணயசாலையில் காசுகள் ஒன்றன்மேல் ஒன்று கொட்டி, மூட்டை கட்டி, வண்டியில் ஏறி இறங்கி வருகின்றன. யார் கையும் படாமலே ஒன்றோடொன்று இடித்துக் காயம் படும். ராஜாவின் கன்னத்தில் ஒரு வெட்டு விழுந்தால் கண்ணை உறுத்தும். அதே வெட்டு பின்பக்கத்து இலைக்கொடிக்குள் ஒளிந்துகொண்டால் யாருக்கும் தெரியாது. காயம் எத்தனை, எந்த இடத்தில், அச்சு அழுத்தமாக விழுந்திருக்கிறதா, லஸ்டர் உயிரோடு இருக்கிறதா, மொத்தத்தில் பார்க்க எப்படி இருக்கிறது என்பதை எல்லாம் வைத்துத்தான் 61-ஆ 65-ஆ என்று முடிவாகும். இதனால் ஏயூ 58 காசு ஒன்று எம்எஸ் 60 காசைவிட அழகாக இருப்பது சாதாரணம். எண் பெரிதாக இருக்கிறதே என்று அடிபட்ட 60-ஐ வாங்குவதைவிட, காயமில்லாத 58-ஐத்தான் நான் வாங்குவேன்.

இனி அந்த ஏழாவது காசுக்கு வருவோம். காசில் எது உயர்ந்து நிற்கிறதோ அதுதான் முதலில் தேயும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அவருடைய காது, புருவம், மீசை, கிரீடத்தின் கற்கள், அப்புறம் மார்பில் தொங்கும் பதக்க மாலையில் இருக்கும் சின்ன யானை. அந்த யானையைத்தான் நான் எப்போதும் முதலில் பார்ப்பேன். கடுகை நான்கைந்து சேர்த்து வைத்த அளவுதான் இருக்கும். அக்காவின் காசில் தும்பிக்கை தெளிவாக இருந்தது, காதின் விளிம்பும் தெரிந்தது. முதுகில் மட்டும், சுற்றியிருக்கும் நிறத்திலிருந்து மாறுபட்ட ஒரு மங்கலான சாம்பல் பூச்சு. அதில் ஒளி ஓடவில்லை. மீசையின் மேட்டிலும் அப்படியே. வெறும் பள்ளமான பரப்பில் மட்டும் டோனிங்குக்குக் கீழே ஒளி நன்றாகவே ஓடியது. கொஞ்ச நாள் யாரோ மடியில் வைத்திருந்து, பிறகு முடிந்து வைத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. என் கண்ணுக்கு ஏயூ 53, ஏறினால் 55.

யானை என்றதும் 1911-ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. ஐந்தாம் ஜார்ஜின் முதல் ஆண்டு ரூபாயில் அந்த யானைக்குத் தும்பிக்கை குட்டையாகிவிட்டது. பார்த்தவர்கள் பன்றி என்றார்கள்; முஸ்லிம்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. ஏறக்குறைய 94 லட்சம் ரூபாய்கள் அடிக்கப்பட்டு, 7 லட்சம் வரை வெளியே போயிருந்தன. மீதியை நிறுத்தி உருக்கிவிட்டு, 1912-லிருந்து யானையைத் திருத்தினார்கள். சேகரிப்பவர்கள் இன்றும் அதைப் பன்றி ரூபாய் என்றே கேட்டு வாங்குகிறார்கள். உங்களிடம் 1911 இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

புரூஃப் என்பது தரம் இல்லை

"புரூஃப் கண்டிஷன்ல இருக்கு" என்று விற்பவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது தப்பான பேச்சு. புரூஃப் என்பது காசைச் செய்த முறையின் பெயர். புழக்கத்துக்கு அடிக்கும்போது வில்லைகளை அள்ளிப்போட்டு நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கில் அடித்துத் தள்ளுவார்கள். புரூஃபுக்கு அச்சையும் மெருகேற்றுவார்கள், வில்லையையும் மெருகேற்றுவார்கள். ஒவ்வொரு வில்லையாக வைத்து, கூடுதல் அழுத்தத்தில் இரண்டு முறையாவது அடித்து, கைபடாமல் எடுத்துப் பெட்டியில் வைப்பார்கள். வெறும் பரப்பு கண்ணாடி போல இருக்கும், முகம் பார்க்கலாம். அதன் நடுவில் உருவம் மட்டும் பனி படிந்த மாதிரி வெள்ளையாக நிற்கும். இந்த எதிரெதிர் அழகுக்குக் கேமியோ என்று பெயர். கண்ணாடிப் பரப்பும் பனி உருவமும் இடம் மாறி, உருவம் மின்னிப் பரப்பு மங்கலாக இருந்தால் ரிவர்ஸ் புரூஃப். மொத்தப் பரப்பையும் மணல் வீசியது போல மங்கலாக்கியிருந்தால் மேட். வேண்டுமென்றே பழசு போலக் கறுக்கவைத்துப் பள்ளங்களில் நிழல் ஏற்றியது ஆன்டிக் ஃபினிஷ். சாதாரணமாக அடித்த காசே, அச்சு புதிதாக இருந்ததால் கண்ணாடி போல வந்துவிட்டால் அதைப் புரூஃப்லைக் என்பார்கள். அது புரூஃப் ஆகாது.

புரூஃப் காசுக்கும் தரம் உண்டு. எம்எஸ்ஸுக்குப் பதில் பிஎஃப் அல்லது பிஆர் என்று போட்டு அதே 70 எண்களைத் தருவார்கள். புரூஃப் காசைக் குழந்தைகள் எடுத்து விளையாடித் தேய்ந்துபோனால் அது பிஎஃப் 50. தேய்ந்தாலும் அது புரூஃப்தான்.

நம் நாட்டில் புரூஃப் செட்டுகளும் அன்சர்குலேட்டட் செட்டுகளும் நாணயசாலைகளே நேரடியாக விற்பவை. 2006-லிருந்து நான்கு நாணயசாலைகளும் மத்திய அரசின் எஸ்பிஎம்சிஐஎல் நிறுவனத்தின் கீழ் வருகின்றன. எந்த நாணயசாலையில் அடித்தது என்பதற்கு ஆண்டுக்குக் கீழே குறி இருக்கும். மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்கு ஒன்றும் கிடையாது. மும்பையின் புரூஃப் காசில் மட்டும் வைரத்துக்குப் பதிலாக முன்பு 'பி' எழுத்தும், ஊர்ப் பெயர் மாறிய பிறகு 'எம்' எழுத்தும் வந்தன. பெட்டி தொலைந்துபோன ஒரு காசு புரூஃபா என்று சந்தேகம் வந்தால் இந்த எழுத்து கைகொடுக்கும்.

தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி வெளியிட்ட 1000 ரூபாய் காசு இந்த வகையைச் சேர்ந்தது. இந்தியாவின் முதல் 1000 ரூபாய் நாணயம், 44 மில்லிமீட்டர் அகலம், 35 கிராம் எடை. புழக்கத்துக்கு வரவே இல்லை. செட்டாக மட்டும் விற்றார்கள். அதில் புரூஃப் செட்டும் உண்டு, அன்சர்குலேட்டட் செட்டும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கோபுரத்தைப் பாருங்கள், நான் மேலே எழுதிய பத்தி முழுவதும் ஒரு நொடியில் விளங்கிவிடும். ஒன்றில் கோபுரம் இருண்ட வானத்தில் நிற்பது போல இருக்கும். இன்னொன்றில் எல்லாமே ஒரே வெள்ளிநிறம்.

பிரிட்டிஷ் காலத்துப் புரூஃப் வாங்குகிறவர்கள் மட்டும் ஒரு விஷயத்தில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். பம்பாய், கல்கத்தா நாணயசாலைகள் பழைய அச்சுகளைப் பத்திரமாக வைத்திருந்து, சேகரிப்பவர்கள் கேட்டால் பழைய ஆண்டையே போட்டுப் புதிதாக அடித்துக் கொடுத்தன. 1970 வாக்கில்தான் அந்த வழக்கம் நின்றது. இவற்றுக்கு ரீஸ்ட்ரைக் என்று பெயர். நாணயசாலையிலேயே அடித்தவை என்பதால் போலி என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆண்டிலேயே அடித்த அசல் புரூஃபின் விலையும் ரீஸ்ட்ரைக்கின் விலையும் ஒன்றல்ல. விற்பவர் "ஒரிஜினல்" என்று சொன்னால், எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

எத்தனை அடித்தார்கள், எத்தனை மிஞ்சின

பழசு என்றால் விலை அதிகம் என்ற நம்பிக்கையை முதலில் விடவேண்டும். சோழர் காலத்துச் செப்புக்காசுகளில் பல, ஆயிரம் ஆண்டு தாண்டியும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன, அவ்வளவு மிஞ்சியிருக்கின்றன. நூறு ஆண்டு ஆகாத ஒரு ரூபாய் அதைவிடப் பல மடங்கு போகும்.

அக்காவின் 1918-ஐயே எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரே ஆண்டில் பம்பாயிலும் கல்கத்தாவிலுமாக 40 கோடிக்கும் மேல் ரூபாய்க் காசு அடித்தார்கள். முதல் உலகப் போர் நேரம். மக்கள் காகித நோட்டை நம்பாமல் வெள்ளியைப் பிடித்துப் பதுக்கினார்கள். 1917 நவம்பர் 30-ல் முதல் ஒரு ரூபாய் நோட்டை விட்டதுகூட இந்தத் தட்டுப்பாட்டினால்தான். வெள்ளிக்கு வேறு வழியில்லாத பிரிட்டன் அமெரிக்காவிடம் கேட்டது. அமெரிக்கா 1918 ஏப்ரலில் பிட்மன் சட்டம் என்று ஒன்றைப் போட்டு, கருவூலத்தில் இருந்த 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர் காசுகளை உருக்கியது. அந்த வெள்ளியில் பெரும்பகுதி இந்தியாவுக்குக் கப்பலேறி ரூபாயாக மாறியது. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் 1918 ரூபாய் ஒரு காலத்தில் அமெரிக்க டாலராக இருந்திருக்கலாம்! இதனால் இங்கே 1918 மலிந்தது. அங்கே, எந்தெந்த ஆண்டு டாலர்கள் உலைக்குப் போயின என்று யாரும் எழுதிவைக்கவில்லை; லட்சக்கணக்கில் அடித்ததாகப் பதிவேடு சொல்லும் சில ஆண்டு மார்கன் டாலர்கள் (அமெரிக்காவின் பழைய வெள்ளி டாலர் வகை) தேடினாலும் கிடைக்கவில்லை. பதிவேட்டில் இருக்கும் எண்ணைவிட, உலைக்குத் தப்பியது எத்தனை என்பதே கேள்வி.

இதற்கு நம் பக்கத்து உதாரணம் 1939. ஆறாம் ஜார்ஜின் 1938 ரூபாய் எளிதில் கிடைக்கும். 1940-லிருந்து வெள்ளியை 91.7 சதவீதத்திலிருந்து 50-ஆகக் குறைத்துவிட்டார்கள். இடையில் வந்த 1939, நல்ல வெள்ளியில் கடைசியாக அடித்த ரூபாய், மிகமிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. அதனாலேயே அதற்குப் போலிகளும் ஏராளம். கடைசி எண்ணைச் சுரண்டி மாற்றியிருப்பார்கள். லூப் இல்லாமல் 1939-ஐ வாங்கவே கூடாது.

ஒரு காசின் அடிமட்ட விலை அதன் உலோகம். பிரிட்டிஷ் ரூபாயின் எடை 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. அதில் சுத்த வெள்ளி ஏறக்குறைய 10.7 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால், அதற்குக் கீழே விற்கக்கூடாத எல்லை கிடைத்துவிடும். புலி படம் போட்ட 1947 ரூபாயை வெள்ளி என்று நினைத்துப் பத்திரப்படுத்தியவர்கள் நிறையப் பேர். அது நிக்கல், காந்தத்தில் ஒட்டும். தங்கத்தில் நாம் தினமும் சொல்லும் 'பவுன்' என்ற சொல்லே ஒரு நாணயத்திலிருந்து வந்தது. 22 காரட், 7.988 கிராம் எடையுள்ள பிரிட்டிஷ் சவரன் அது. அதை 1918-ல் மட்டும் பம்பாயிலும் அடித்தார்கள், ஏறக்குறைய 13 லட்சம். பின்பக்கத்தில் இருக்கும் குதிரையின் காலடியில், ஆண்டுக்கு மேலே சின்னதாக ஆங்கில எழுத்து 'ஐ' இருந்தால் அது பம்பாய் சவரன். நகைக்கடையில் அதைப் பவுன் விலைக்குப் போட்டுவிடாமல் ஒருமுறை விசாரித்துவிடுங்கள். ஆனால் நம் வீட்டுச் சவரன்களும் ரூபாய்களும் பெரும்பாலும் காசுமாலைக்காக வளையம் பற்றவைத்தவை. வளையத்தை எடுத்து ராவி வைத்தாலும் பற்றின தடம் விளிம்பில் தெரியும், உலோக விலைக்கு மேல் எழும்பாது. அப்படிப்பட்ட மாலையைப் பிரிக்க வேண்டாம். மாலையாக இருப்பதுதான் அதற்கு அழகு.

அப்புறம் தரத்தின் பங்கு. சாதாரணமாகக் கிடைக்கும் ஆண்டில் ஃபைனுக்கும் எக்ஸ்எஃபுக்கும் பெரிய வித்தியாசம் இராது. எம்எஸ் 63-க்கு மேலே போகப்போகத்தான் படிக்குப் படி விலை தாவும். 1918 எல்லா வீட்டிலும் இருக்கும். எம்எஸ் 66-ல் ஒரு 1918 எத்தனை பேரிடம் இருக்கும்? இதற்கு நேர்மாறாக, அரிய ஆண்டு என்றால் மோசமான தரத்திலும் வாங்க ஆள் இருக்கும்.

ஏமாற்று வேலைகள்

வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்குப் பத்து லட்சம், பழைய இருபத்தைந்து பைசாவுக்கு ஐந்து லட்சம் என்று வீடியோக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாம் பொய். அந்த ஐந்து ரூபாய் சில்லறையாகப் புழங்கிய காசு. இன்றும் நாணயக் கடைகளில் சொற்ப விலைக்குக் கிடைக்கும். இந்த ஆசையை வைத்து, "உங்கள் காசுக்கு ஆள் இருக்கிறது, முதலில் ரிசர்வ் வங்கிக்கு வரி கட்டுங்கள், கமிஷன் கட்டுங்கள்" என்று பணம் பிடுங்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. இப்படி எந்தக் கட்டணமும் தாங்கள் கேட்பதில்லை, பழைய காசு வியாபாரத்தில் தங்களுக்குச் சம்பந்தமே இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டது. விற்பதற்கு முன்பாக யாராவது உங்களிடம் பணம் கேட்டால் அந்தப் பேச்சை அத்தோடு முடித்துவிடுங்கள்.

இன்னொன்று, ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமன், மறு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, அரை அணா என்று இருக்கும் செப்புக்காசு. கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. பிற்காலத்தில் செய்த பொம்மைக் காசுகள் அவை. அரிசியை இழுக்கும் சக்தி இருக்கிறது என்று சொல்லி, இதை வைத்து வீடு வாசலை இழந்த குடும்பங்கள் நம் ஊர்களிலேயே உண்டு. யாராவது கொண்டுவந்தால் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள்.

ஸ்லாப் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் தரச்சான்று நிறுவனங்களான பிசிஜிஎஸ் 1986-லிருந்தும் என்ஜிசி 1987-லிருந்தும் காசைப் பரிசோதித்து, தரத்தை எழுதி, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சீல் செய்து தருகின்றன. அந்த உறைதான் ஸ்லாப். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அவர்களுடைய இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு, காசின் படத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஏனென்றால் போலி உறைகளும் வருகின்றன. கழுவிய காசையும் ஓட்டை போட்ட காசையும் இவர்கள் எண் கொடுக்காமல் 'டீட்டெயில்ஸ்' என்று எழுதி, கழுவியது என்று காரணத்தையும் போட்டுவிடுவார்கள். அக்காவின் ஆறும் அப்படித்தான் வரும். ஆனால் நூறு ஆண்டு தாண்டிய நாணயம், 1972-ன் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனி ஆள் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. 1918 ரூபாயைத் தரம் பார்க்க அமெரிக்காவுக்குத் தபாலில் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிலத்தைத் தோண்டும்போது காசுப் பானை கிடைத்தால் அது வேறு சட்டம். 1878-ன் புதையல் சட்டப்படி, மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும்.

வைக்கும் விதம்

விளிம்பை மட்டும் பிடியுங்கள். விரல்ரேகை சில மாதத்தில் காசின் மேல் நிரந்தரமாகப் பதிந்துவிடும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் மெத்தென்ற பிவிசி உறை வேண்டவே வேண்டாம். கொஞ்ச காலத்தில் அதிலிருந்து பச்சையாகப் பிசுபிசுப்பு ஒன்று கசிந்து காசை அரிக்கும். பாலியெஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள், மைலார் என்றால் தெரியும். ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது, அருகில் வைக்காதீர்கள். சாமி அறையில் வைத்தால் ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை ஏறும். டப்பாவில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

அக்காவின் ஏழாவது காசை அப்படி ஓர் உறையில் போட்டு, 1918, பம்பாய் என்று எழுதிக் கொடுத்தேன். பின்பக்கம் கீழே இருக்கும் தாமரைக்கு அடியில் ஒரு சிறு புள்ளி இருந்தது. கல்கத்தா ரூபாயில் அது இருக்காது. லூப்பை வாங்கி அந்தப் புள்ளியை அவரும் பார்த்தார், யானையையும் பார்த்தார். "எங்க மாமியார் முடிஞ்சு வச்சது தம்பி இது. அவங்க கையால போட்ட முடிச்சுதான், நான் பிரிக்கவே இல்ல" என்றார். மற்ற ஆறையும் பேத்திக்குக் கொலுசு செய்யக் கொடுக்கலாமா என்று கேட்டார். கொடுப்பதானால் தட்டாரிடம் போவதற்கு முன்பு வீட்டிலேயே எடை போட்டுவிடச் சொன்னேன். ஆறும் சேர்ந்து 70 கிராமுக்குக் கொஞ்சம் குறைய இருக்கும், அதில் சுத்த வெள்ளி 64 கிராமுக்குக் கிட்டத்தட்ட வரும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தேன். சுருக்குப்பைக்குள் காசுகளோடு அந்தச் சீட்டையும் மடித்து வைத்துக்கொண்டார்.